வீட்டு நெட்வொர்க்: ரவுட்டரா, கைவினை ஃபயர்வாலா?

கம்ப்யூட்டர் தெரிந்த பையன் இருக்கும் வீடுகளில் ஒரு வியாதி உண்டு. பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை இறக்குவது, தூசி தட்டுவது, இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டைச் சொருகுவது, பிஎஃப்சென்ஸோ ஐபிஃபயரோ ஏற்றுவது, பிறகு "இனிமேல் இதுதான் நம் வீட்டு ஃபயர்வால்" என்று அறிவித்துவிடுவது. கடையில் விற்கும் ரவுட்டரைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். உதட்டைப் பிதுக்குவார். "அதெல்லாம் பிளாஸ்டிக் டப்பா சார். பாதுகாப்பு வேண்டுமென்றால் நாமே கட்டணும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பாதி பில்டப், மீதி ஜல்லியடி. சராசரி வீட்டுக்கு, அதாவது நான்கைந்து போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, ஒரு கேமரா இருக்கிற வீட்டுக்கு, ரவுட்டர்தான் சரி. எந்த ரவுட்டராக இருந்தாலும் பரவாயில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தக் கம்பெனிகளுக்கும் கீழே அர்ச்சனை உண்டு. முதலில் கைவினைக் கலைஞர்களைக் கவனித்துவிடலாம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

"ரவுட்டர் பொம்மை, ஃபயர்வால்தான் நிஜம்" என்ற பேச்சின் அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது. 2002 இறுதியில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்று ஒரு ரவுட்டரை வெளியிட்டது. நீலமும் கறுப்புமாக, இரண்டு ஆன்டெனாக்களோடு இருக்கும். அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை வைத்துப் பொருள் விற்றால் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். நெருக்கடிக்குப் பிறகு 2003-ல் நிரல் வெளியானது. அதன் மேல் கட்டியதுதான் 2004-ல் தொடங்கிய ஓபன்டபிள்யூஆர்டி.

கதை அதோடு முடியவில்லை. 2005-ல் அதே மாடலின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸைத் தூக்கிவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற மூடிய மென்பொருளைப் போட்டார்கள். நினைவகத்தையும் பாதியாக்கினார்கள். கூச்சல் கிளம்பியதும், லினக்ஸ் வேண்டுகிறவர்களுக்காகவே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் விட்டார்கள். பழைய சரக்குதான், பெயரில் ஓர் எழுத்து கூடுதல் :-)

ஆக, ரவுட்டர் என்பது சின்ன கம்ப்யூட்டர். லினக்ஸில் 2001-ன் 2.4 கெர்னலோடு வந்த நெட்ஃபில்டர்தான் ஓபன்டபிள்யூஆர்டியிலும் வேலை பார்க்கிறது, லினக்ஸில் கட்டிய கைவினை ஃபயர்வாலிலும் வேலை பார்க்கிறது. வெளியே போன கோரிக்கைக்கு வரும் பதிலை உள்ளே விடு, கேட்காமல் வருவதை வாசலிலேயே நிறுத்து: வீட்டுக்குத் தேவையான காவலில் முக்கால்வாசி இதுதான். இதை இரண்டாயிரம் ரூபாய் டப்பாவும் செய்யும், ஐந்து கிலோ இரும்புப் பெட்டியும் செய்யும். பெட்டி கனமாக இருப்பதால் காவல் பலமாகிவிடாது.

ஒரு காலத்தில் நியாயம் இருந்தது

கைவினைக் கோஷ்டி எப்போதுமே தப்பு என்று சொன்னால் அது அநியாயம். 2003 ஜனவரியில் ஸ்லாமர், அதே ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர், 2004 ஏப்ரல் கடைசியில் சாசர் என்று புழுக்கள் வரிசையாக வந்தன. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை நேராக இணைப்பில் மாட்டினால், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே தொற்றிக்கொள்ளும் காலம் அது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்கில்தான் எக்ஸ்பியின் ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. அப்போது ரவுட்டர் எல்லா வீட்டிலும் கிடையாது. ஐபிகாப், ஸ்மூத்வால், மோனோவால் ஆகியவற்றைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி முன்னால் நிறுத்தியவர்கள் புத்திசாலிகள்.

இன்று நிலைமை வேறு. விண்டோஸில் ஃபயர்வால் கூடவே வருகிறது. போன்கள் வெளியிலிருந்து வரும் இணைப்புக்காக வாசலைத் திறந்து வைத்துக் காத்திருப்பதில்லை. போதாக்குறைக்கு, நம்மூர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனி ஐபிவி4 முகவரியே கிடையாது. நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. அந்த வழியாக வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்ட நினைத்தாலும், எந்த வீட்டுக் கதவு என்றே தெரியாது. ஐபிவி6-ல் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி உண்டு என்பதால் அங்கே ஃபயர்வால் கட்டாயம் வேண்டும். உருப்படியான ரவுட்டர் எதுவும் அதையும் கவனித்துக்கொள்ளும்.

கணக்கு நோட்டைத் திறந்தால்...

"பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது, செலவு சைபர்" என்பதுதான் கைவினைக்காரர்களின் பிரம்மாஸ்திரம். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்கூட இதைக் கேட்டுச் சிரிப்பார். முதலினச் செலவு சைபர், சரி. வருவாயினச் செலவு?

பழைய மேசைக் கம்ப்யூட்டர் சும்மா ஓடினாலே 60 வாட்டாவது இழுக்கும். இது தாராள மனசோடு போட்ட கணக்கு. ஃபயர்வால் என்றால் இரவு பகல் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு 1.44 யூனிட். தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாளுக்கு 86 யூனிட் ஆகிறது. வீடுகளுக்கு ஒவ்வொரு கணக்கீட்டிலும் முதல் 100 யூனிட் இலவசம். அதாவது அரசு வீட்டுக்குக் கொடுக்கும் இலவச மின்சாரத்தில் 86 சதவீதத்தை மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி ஒன்றே தின்று ஏப்பம் விடுகிறது!

8 வாட் ரவுட்டருக்கு அதே 60 நாளில் பன்னிரண்டு யூனிட்கூட ஆகாது. வித்தியாசம் 75 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பில்லுக்கு 375 ரூபாய், வருஷத்துக்கு 2,250, மூன்று வருஷத்தில் 6,750. வாடகை வீட்டில் ஓனர் சொல்லும் ரேட் என்றால் இன்னும் மோசம். சொந்த மீட்டராக இருந்தாலும், 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீட்டை இந்த 75 யூனிட் அந்தப் பக்கம் தள்ளிவிடும். தாண்டிவிட்டால் கீழ்ப் படிகளுக்கான கட்டணமும் மாறி, பில் எகிறும். ஒரு நல்ல ரவுட்டரின் விலையை ஓசிக் கம்ப்யூட்டர் ஒன்றிரண்டு வருஷத்தில் விழுங்கிவிடும். சும்மா கிடைத்த யானைதான். தீனி யார் போடுவது?

இன்னொன்று. அந்தப் பெட்டியை வைத்தாலும் வைஃபைக்கு எங்கே போவது? பிஎஃப்சென்ஸ் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டியின் மேல். வைஃபைக்குத் தனியாக ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் கையேடே சொல்கிறது. கடைசியில் அந்த வேலைக்கு என்ன வாங்குவார்கள்? அதே பிளாஸ்டிக் டப்பாவைத்தான்! வேண்டாம் என்று வாசல் வழியாக அனுப்பியது, கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

மின்வெட்டையும் கணக்கில் சேருங்கள். 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டருக்குக் கையடக்க மினி யுபிஎஸ் கிடைக்கிறது, மணிக்கணக்கில் தாங்கும். மேசைக் கம்ப்யூட்டரை சாதாரண யுபிஎஸ்ஸில் மாட்டினால் அரைமணி நேரம் தாங்குவதே பெரிது. பிறகு அது அலறும், அணையும். திடீரென்று அணைந்தால் பழைய ஹார்ட் டிஸ்க் திரும்ப எழுமா என்பது அவரவர் குலதெய்வத்தின் கையில்.

"இப்போதெல்லாம் 10 வாட்டில் ஓடும் மினி கம்ப்யூட்டர் வந்துவிட்டதே" என்று ஒரு குரல் கேட்கும். உண்மை. 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப் போட்ட பெட்டிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அதற்குப் பத்தாயிரத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அப்போது "செலவு சைபர்" என்ற வாதம் எங்கே போயிற்று? கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்டால் மினி கம்ப்யூட்டரைக் காட்டுவது, விலையைக் கேட்டால் பரணைக் காட்டுவது என்று இரண்டு நாற்காலியிலும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது.

காவல்காரனுக்கு யார் காவல்?

பாதுகாப்பு என்பது ஒருநாள் வேலை அல்ல. ஓட்டைகள் வந்துகொண்டே இருக்கும், அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். "ரவுட்டர் கம்பெனிகள் அப்டேட் தருவதில்லை" என்று குற்றம் சாட்டும் கைவினைக்காரர்கள், தங்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கட்டும். மோனோவால் 2015 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதை உருவாக்கிய மானுவல் காஸ்பரே மக்களை ஓபிஎன்சென்ஸுக்குப் போகச் சொன்னார். ஐபிகாப்பும் 2015-க்குப் பிறகு புதிதாக எதையும் வெளியிடவில்லை. பிஎஃப்சென்ஸ் 2017-ல் வந்த 2.4 பதிப்போடு 32 பிட் கம்ப்யூட்டர்களைக் கைகழுவிவிட்டது. பரணிலிருந்து இறக்கியது 32 பிட் பெட்டி என்றால், அதற்குப் பிறகு வந்த ஓட்டைகள் எல்லாம் அதில் அப்படியே திறந்துதான் கிடக்கும்.

போன திட்டத்துக்குப் பதில் புதிய திட்டத்துக்கு மாறலாமே? தாராளமாக மாறலாம். மாற்றுவது யார்? செமஸ்டர் பரீட்சை நடக்கும்போது, புதுப் பதிப்பு வந்த அன்றே உட்கார்ந்து, பேக்கப் எடுத்து, ஏற்றி, சோதித்துப் பார்க்கும் ஆள் எத்தனை வீட்டில் இருக்கிறார்? முதல் மாதம் தினமும் லாக் படிப்பார்கள். சீனாவிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள் என்று நண்பர்களிடம் பெருமையாகக் காட்டுவார்கள். ஆறாவது மாதம் அட்மின் பாஸ்வேர்டே மறந்திருக்கும்.

கட்டியவர் ஊரில் இல்லாத நாள்

இந்தச் சண்டையில் யாரும் பேசாத விஷயம் இதுதான், உண்மையில் முக்கியமானதும் இதுதான். வீட்டு நெட்வொர்க் என்பது ஒருவருடைய ஆய்வுக்கூடம் அல்ல. அம்மா மின்கட்டணம் கட்டுவது அதில். அக்கா வேலைக்கான நேர்காணலுக்கு உட்காருவது அதில். தாத்தா வெளிநாட்டுப் பேரனின் முகத்தைப் பார்ப்பது அதில். ஃபயர்வால் கட்டிய பையனுக்கு பெங்களூருவில் வேலை கிடைத்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெட்டி எழவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி. அம்மா போன் செய்கிறார். பையன் மீட்டிங்கில் இருக்கிறான். எந்த ஒயரைப் பிடுங்கி எதில் சொருகுவது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ரவுட்டர் கெட்டால் அவரே கேபிள்காரரைக் கூப்பிடுவார், அல்லது தெருமுனைக் கடையில் புதிதாக ஒன்று வாங்குவார், கடைப் பையன் வந்து மாட்டிக் கொடுப்பான். அரை நாளில் வேலை முடிந்தது. கைவினை ஃபயர்வாலைத் தெருமுனையில் யாரும் ரிப்பேர் செய்ய மாட்டார்கள். ஒரே ஒரு ஆளின் மூளைக்குள் மட்டும் வரைபடம் இருக்கும் அமைப்பை வியாபாரத்தில் சொத்து என்று எழுத மாட்டார்கள், அது ஆபத்து. ஒரு குமாஸ்தா லீவு போட்டால் மூடவேண்டிய கடையை யாராவது நல்ல கடை என்பார்களா?

எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

சரி, இத்தனை பாடுபட்டுக் கட்டிய ஃபயர்வால் எதைத் தடுக்கிறது? வீடுகளில் பணம் போவது எப்படி என்று யோசியுங்கள். "உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. லிங்க்கை அழுத்துகிறார்கள். ஓடிபியைச் சொல்கிறார்கள். அல்லது ஏதோ ஏபிகே கோப்பைப் போனில் ஏற்றுகிறார்கள். எல்லாமே உள்ளேயிருந்து வெளியே, முறைப்படி, எச்டிடிபிஎஸ் வழியாகப் போகும் இணைப்புகள். ஃபயர்வாலின் பார்வையில் வீட்டுக்காரரே கதவைத் திறந்து வெளியே போகிறார். அதற்கென்ன தெரியும், அவர் போவது திருடன் வீட்டுக்கு என்று?

"ஸ்னார்ட் போட்டால் பிடித்துவிடும்" என்பார்கள். இன்று இணையத்தில் ஓடுவதில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டது. உறைக்குள் இருக்கும் கடிதத்தை ஸ்னார்ட்டால் படிக்க முடியாது, மேலே இருக்கும் விலாசத்தைத்தான் பார்க்கும். பார்த்து அது கொடுக்கும் நூறு எச்சரிக்கையில் எது நிஜம், எது வெட்டி என்று பிரிக்கத் தனியாக ஆள் வேண்டும். கம்பெனிகளில் இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஷிப்ட் போட்டு ஆள் வைக்கிறார்கள். வீட்டில்?

ரவுட்டர் கம்பெனிகளுக்கு மாலை மரியாதை இல்லை

இதுவரை படித்துவிட்டு ரவுட்டர் விற்பவர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். வேலியே பயிரை மேய்ந்த கதைகள் அங்கே ஏராளம். 2013-ல் டி-லிங்க்கின் சில மாடல்களில், பிரவுசர் தன் பெயரை ஒரு குறிப்பிட்ட எழுத்துச்சரமாகச் சொன்னால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடுவதைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சரத்தைத் தலைகீழாகப் படித்தால் அதில் 'பேக்டோர்' என்ற சொல்லே இருந்தது! அசூஸ் ரவுட்டர்களின் ஓட்டைகளுக்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016-ல் அந்த நிறுவனத்தை 20 ஆண்டுகளுக்குத் தணிக்கைக்கு உட்படும் ஒப்பந்தத்தில் நிறுத்தியது. அதே 2016-ல் மிராய் வந்தது. அது பெரிய மந்திரவாதம் எதையும் செய்யவில்லை. 'அட்மின், அட்மின்' போன்ற அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளைப் போட்டுப் பார்த்துக் கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. அந்தப் படையால் அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. 2018-ல் விபிஎன்ஃபில்டர் குறைந்தது 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளைப் பிடித்தது. லிங்க்சிஸ், நெட்கியர், டிபி-லிங்க், மைக்ரோடிக் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

கைவினைக்காரர்கள் இந்தப் பட்டியலைத்தான் ஆயுதமாகத் தூக்குவார்கள். ஆனால் இதற்கு மருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டுவதா? மருந்துக் கம்பெனி கலப்படம் செய்தால் அவரவர் வீட்டில் மாத்திரை தயாரிக்கச் சொல்வார்களா, கம்பெனியின் கழுத்தைப் பிடிப்பார்களா? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லோருக்கும் தெரிந்த ஒரே மாதிரி பாஸ்வேர்டோடு கருவிகளை விற்கக்கூடாது, எத்தனை காலம் அப்டேட் தரப்படும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் அமலில் இருக்கிறது. பால் பாக்கெட்டில் தேதி போடுவது போல ரவுட்டர் பெட்டியிலும் அப்டேட் தேதி போடு என்று கேட்பதுதான் எல்லா வீட்டுக்கும் பயன்படும் போராட்டம். தெரிந்தவன் தன் வீட்டுக்கு மட்டும் கோட்டை கட்டிக்கொண்டால், தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன கிடைக்கும்?

அப்போது யார்தான் கட்டலாம்?

நெட்வொர்க்கைத் தொழிலாகப் படிப்பவர் கட்டலாம், கட்டவும் வேண்டும். அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் அதைத் தன் மேசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். வீட்டின் இணைப்பு அதன் தலையில் தொங்க வேண்டாம். வீட்டிலேயே சர்வர் வைத்திருப்பவர், இரண்டு இணைப்பை ஒன்றாக்க நினைப்பவர், பத்து பேர் வேலை செய்யும் அலுவலகத்தை வீட்டில் நடத்துபவர் இவர்களுக்கும் நியாயமான தேவை இருக்கலாம். மற்றவர்களுக்கு இந்த ஆறு போதும்:

1. வாங்கும் முன்பே, அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று கம்பெனியின் தளத்தில் பாருங்கள். இரண்டு வருஷமாக ஒன்றுமில்லை என்றால் ஆன்டெனா ஆறு இருந்தாலும் வேண்டாம்.

2. முடிந்தால் ஓபன்டபிள்யூஆர்டி ஆதரிக்கும் மாடலாக வாங்குங்கள். கம்பெனி கைவிட்டாலும் கருவி அநாதை ஆகாது. அந்தத் திட்டமே 2024 இறுதியில் ஓபன்டபிள்யூஆர்டி ஒன் என்று சொந்த ரவுட்டரையும் கொண்டுவந்திருக்கிறது.

3. முதல் நாளே அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். திருடன் பிரேசிலில் இருக்கிறான், அவன் வந்து புரட்டிப் பார்க்க மாட்டான். அம்மாவுக்கு அது தேவைப்படும்.

4. வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி, டபிள்யூபிஎஸ், யுபிஎன்பி மூன்றையும் அணைத்துவிடுங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள்.

5. டிவி, கேமரா, பல்பு எல்லாவற்றையும் கெஸ்ட் வைஃபையில் போடுங்கள். பேங்க் வேலை செய்யும் போனும் லேப்டாப்பும் தனியாக இருக்கட்டும்.

6. இணைப்போடு நிறுவனம் கொடுத்த பெட்டிதான் ரவுட்டர் என்றால், அதற்கும் இதே பரிசோதனைகள் பொருந்தும். அப்டேட் பற்றிக் கேட்டு அவர்கள் முழித்தால், அதை வெறும் பாலமாக வைத்துப் பின்னால் சொந்த ரவுட்டரைப் போடுங்கள்.

இந்த ஆறையும் செய்ய ஒரு மணி நேரம் போதும். பழைய கம்ப்யூட்டரில் ஃபயர்வால் கட்ட ஒரு வார விடுமுறை போகும், பிறகு ஆயுசு முழுக்கக் காவல் காக்க வேண்டும். மிச்சமாகும் அந்த வாரத்தில், வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, ஓடிபி கேட்டு வரும் போனை எப்படித் துண்டிப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம். அந்த ஓட்டையை அடைக்கும் ஃபயர்வால் கடையிலும் கிடையாது, பரணிலும் கிடையாது.